எத்தனை நாளென்று கேட்டவர்

அளவெடுக்கும்போது அவருடைய வாய் சும்மா இருந்து நான் கண்டதில்லை. தோள், கை, மார்பு என்று நாடா ஒரு பக்கம் ஓடும், கேள்விகள் இன்னொரு பக்கம் ஓடும். பிள்ளைகள் எத்தனை, மாமி எப்படி, நேற்று என்ன கறி என்று தொடங்குவார். நாடா இடுப்புக்கு வந்து சேரும்போது கேள்வியும் அங்கே வந்து சேர்ந்துவிடும்.

சாய்ந்தமருதில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தன் வீட்டு முன்னறையில் பெண்களுக்கு அபாயா தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மிசின், ஒரு மேசை, மூலையில் ஒரு திரைச்சீலை. திரைக்குப் பின்னால்தான் அளவெடுப்பு. அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. ஊரில் அவரைத் தெரிந்தவர்களுக்கு இதற்குள் ஆள் பிடிபட்டிருக்கும், தெரியாதவர்களுக்குப் பெயரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நான் ராத்தா என்று கூப்பிட்டேன். குள்ளமான ஆள். யாரோ பின்னால் துரத்துவதைப்போல நடப்பார். ஊற்றிவைத்த பிளேன்டித் தேநீரைக் கடைசிவரை குடித்ததே இல்லை, பாதியில் ஏதோ ஒன்று ஞாபகம் வந்து எழும்பிவிடுவார்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கல்முனையில் ஒரு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரே வருஷத்தில் மூன்றாவது அபாயாவுக்காக அவரிடம் போயிருந்தேன்.

"பின்பக்கம் ரெண்டு லைனிங் வையுங்க ராத்தா. துணி கறுப்பாவே இரிக்கட்டும்" என்றேன்.

நாடா நின்றது.

"போன முறையும் ரெண்டு லைனிங். அதுக்கு முதலும் ரெண்டு லைனிங். நம்மட ஊர் வெக்கைக்கு ஒரு லைனிங்கே வேணாம் எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க. உனக்கு மட்டும் என்னத்துக்குப் புள்ள ரெண்டு?"

"துணி மெல்லிசு, அதுதான்."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் தாதி மிஸ்மார் செய்வதை எங்கேயோ பார்த்துப் பழகியிருக்கிறார்.

"மாசத்துக்கு எத்தின நாள்?"

"என்ன எத்தின நாள்?"

"தொழுகை இல்லாம எத்தின நாள் எண்டு கேக்கிறன்."

மாதவிடாய் நாட்களில் எங்களுக்குத் தொழுகை இல்லை, அவர் கேட்டது அதைத்தான். திரைக்கு வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். திரையோ வெறும் மெல்லிய சீத்தைத் துணி. அவருடைய குரலோ கடலில் நிற்கும் தோணிக்கும் கேட்கும். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"ஏழெட்டு" என்று பொய் சொன்னேன்.

"ரத்தம் கட்டி கட்டியாப் போகுதா?"

"ராத்தா!"

"என்ன ராத்தா? களவெடுத்தியா எண்டா கேட்டன்? கட்டி போகுதா எண்டுதானே கேட்டன்."

நான் தலைச் சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த அபாயாவைக் கல்முனை டவுனில் வேறொருத்தியிடம் கொடுத்தேன். நான் கேட்ட இரண்டு லைனிங்கையும் அவள் வைத்துத் தந்தாள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

ஆனால் ராத்தா கண்டுபிடித்தது சரி. எனக்கு மாதத்தில் பதினொரு நாள் போனது. முதல் மூன்று நாளும் இரண்டு பேட்டை ஒன்றாக வைத்து, அதற்கு மேல் பழைய துவாயை மடித்து வைத்துக்கொண்டுதான் பாடசாலைக்குப் போவேன். பாட முடிவில் பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்பிவிட்டு, மெல்ல எழும்பி, கதிரையைத் திரும்பிப் பார்ப்பேன். நோவு அடிவயிற்றோடு நிற்காது. நாரி முதுகுக்கு ஏறும், தொடைக்கு இறங்கும். மேல்மாடி வகுப்புக்குப் படி ஏறினால் பாதியில் மூச்சு வாங்கும். அந்த நாட்கள் முடிந்த பிறகும் வயிறு நாலு மாதம் மாதிரி உப்பிக்கொண்டிருக்கும். உம்மாவிடம் சொன்னபோது, "ரெண்டு புள்ள பெத்த வகுறு, அப்பிடித்தான் இரிக்கும்" என்றா. என் கணவரிடம் வயிற்றுக்குத்து என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவரும் கடையில் இரண்டு வலி மாத்திரை வாங்கி வந்து தருவார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நான் தெரியப்படுத்தியதும் அவ்வளவுதான்.

அந்த வருஷத்து நோன்பில், பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா என் குசினி வாசலில் வந்து நின்றார். பக்கத்து வீட்டுக்குப் பெருநாள் உடுப்புக் கொடுக்க வந்தவர். நான் கஞ்சிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"நீ டவுனில தைக்கிறது எனக்குத் தெரியும். அதுக்கு நான் வரல்ல" என்று சொல்லிக்கொண்டே பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒண்டே ஒண்டு கேட்டுப்போட்டுப் போறன். இந்த நோன்பில எத்தின விட்ட?"

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் வெட்கப்படுவதில்லை. தொழுகையில்லாத நாளில் விடும் நோன்பைப் பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழிக்க வேண்டும், அதனால் எல்லோரும் எண்ணிக்கை வைத்திருப்போம். ஒருவரையொருவர் கேட்டும்கொள்வோம்.

"பதினாலு" என்றேன்.

"பதினாலா?"

"தொடக்கத்தில ஒம்பது நாள். நிண்டு, இப்ப திரும்பவும் வந்து அஞ்சு நாள்."

"போன வருஷம்?"

"பத்து."

"அதுக்கு முதல்?"

"ஏழு."

ராத்தா பலகையிலிருந்து துள்ளி எழும்பினார். வெங்காயக் கூடை கவிழ்ந்து, வெங்காயம் குசினி முழுக்க உருண்டது.

"புள்ள! நீ ரிப்போட்ட வீட்டிலேயே எழுதி வச்சிரிக்காய்! ஏழு, பத்து, பதினாலு! ஏறிக்கொண்டு போகுது, உனக்குத் தெரியல்லியா? இந்த மூணு இலக்கத்தையும் டொக்டருக்கிட்டச் சொன்னாலே போதும்! யா அல்லாஹ், எனக்கு வந்த நேரம் இது விளங்காமப் போச்சே!"

ஏழு, பத்து, பதினாலு. நோன்பைத் திருப்பிப் பிடிக்க மட்டுமே நான் எண்ணியிருந்தேன். அதை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை. அவர் குனிந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டே தன் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல, பொறுக்கிய வெங்காயம் திரும்பவும் கையிலிருந்து விழுந்தது.

அவருக்கு அது பதின்மூன்று வருஷம் இருந்தது. இரண்டாவது பிள்ளையை ஒப்பரேசன் செய்து எடுத்த பிறகு தொடங்கியது. மாதத்தில் மூன்று நாள் சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்து, வயிற்றைக் குளிர்ச்சியில் அழுத்திக்கொண்டு கிடப்பார். ஒரு கல்யாண வீட்டில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு போத்தல் ரத்தம் ஏற்றினார்கள். கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை முடிந்ததும் மறுபடியும் வெளிறிப்போவார்.

"ஆரையும் குறை சொல்ல மாட்டன் புள்ள. டொக்டருக்கிட்டப் போய் நான் என்ன சொன்னன்? 'கொஞ்சம் நோகுது' எண்டன். 'கொஞ்சம் கூடப் போகுது' எண்டன். நாம கொஞ்சம் எண்டு சொன்னா, அவங்களும் கொஞ்சம் மருந்துதானே தருவாங்க?"

கடைசியில் ஒரு பெண் டொக்டர் விடாமல் கேட்டு, ஸ்கேன் செய்து, நோயின் பெயரைச் சொன்னா. அதைக் கேட்டு ராத்தா அந்த அறையிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டாராம். டொக்டர் பயந்துபோய் என்ன என்று கேட்டாவாம்.

"பேர் இரிக்கு டொக்டர் எண்டன்! இதுக்கு ஒரு பேர் இரிக்கு! பதின்மூணு வருஷமா நான் நடிக்கிறன் எண்டு நினைச்சவங்க இரிக்காங்க. நானே சில நேரம் அப்பிடி நினைச்சிரிக்கன். இப்ப பேர் இரிக்கு! அடினோமயோசிஸ்!"

அந்தச் சொல்லை ஏதோ பெருநாள் பலகாரத்தின் பெயர்போலச் சொன்னார். அது வாயில் நிற்க மூன்று நாள் பிடித்ததாம். மிசின் மிதித்துக்கொண்டே மனப்பாடம் செய்திருக்கிறார். பிறகு தன் அபாயாக் கையின் ஓரத்தைப் புரட்டி எனக்குக் காட்டினார்.

"இந்தா, இது மேல் துணி, இது லைனிங். கருப்பைக்கும் இப்பிடித்தான் உள்ளுக்க ஒரு லைனிங் இரிக்கு. மாசம் மாசம் அது உரிஞ்சு வெளிய போகணும். எண்ட லைனிங் என்ன செஞ்சிச்சு தெரியுமா? மேல் துணிட நூலுக்குள்ள பூந்து, அங்கேயே வளந்திட்டு! அங்கயும் மாசம் மாசம் ரத்தம் விடப் பார்க்கும். வெளிய வர வழி ஏது? அதால சுவர் தடிக்கும், கனக்கும், நோகும். வகுறு உப்பும். மாசத்து ரத்தமும் ஆறு மாதிரிப் பெருகும்."

"கான்சரா ராத்தா?"

"இல்ல புள்ள. அது வேற, இது வேற. ஆனா ரத்தம் குறைஞ்சு குறைஞ்சு ஆளச் சாகடிச்சுப்போடும்."

"உங்களுக்குக் கருப்பைய எடுத்த எண்டு ஊரில சொன்னாங்க. எனக்கும் எடுக்கணுமா?"

"எனக்கு எடுத்த. உனக்கு என்ன செய்யிற எண்டு நானா சொல்ற? நான் தையல்காரி. மருந்து இரிக்கு, உள்ளுக்கு வைக்கிற சாமான் இரிக்கு, என்னென்னமோ இரிக்கு. உனக்கு இந்த நோய்தானா எண்டே எனக்குத் தெரியா. சதைக்கட்டியாவும் இரிக்கலாம். தெரிஞ்சவங்களுக்கிட்டப் போ எண்டுதான் சொல்றன்."

போவதற்கு முன் அவர் செய்த வேலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பையிலிருந்து அளவு வெட்டும் மண்ணிறத் தாள் ஒன்றை எடுத்து, சோக்கட்டியால் கோடு கிழித்தார். திகதிக்கு ஒரு பெட்டி. எத்தனை பேட், கட்டி போனதா, அது எந்தப் பருமன், நோவு பத்துக்கு எத்தனை. கடைசிப் பெட்டிக்கு மேல் 'ஏலாமப் போன வேலை' என்று எழுதினார்.

"இந்தக் கடைசிப் பெட்டிதான் முக்கியம். கட்டாயம் எழுது. படி ஏற ஏலல்லியா, எழுது. பிள்ளையத் தூக்க ஏலல்லியா, எழுது. புருசனோட சேரக்குள்ள நோகுதா, அதையும் எழுது. வெக்கமா இரிந்தா சின்ன எழுத்தில எழுது."

இரண்டு மாதம் எழுதினேன். பெட்டிகள் நிரம்பிப் பின்பக்கத்துக்கும் போயின. அதைப் படித்துப் பார்த்தபோது, இது என் கையெழுத்துத்தானா என்று இருந்தது. என் கணவரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். "இவ்வளவையும் வச்சிக்கொண்டா நீ காலையில எழும்பி ரொட்டி சுட்ட?" என்று மட்டும் கேட்டார்.

கிளினிக்குக்கு ராத்தாவும் வந்தார். நான் கூப்பிடவில்லை, அவராகவே ஓட்டோவில் ஏறிக்கொண்டார். டொக்டர், "ரத்தப்போக்கு எப்படி?" என்று கேட்டா. என் வாய் பழக்கத்தில், "கொஞ்சம் கூடத்தான் டொக்டர்" என்றது.

"அல்லாஹ்வே!" என்றார் ராத்தா. என் பையைத் திறந்து, தாளை எடுத்து, டொக்டரின் மேசையில் விரித்து, சுருண்ட மூலையைக் கையால் அழுத்திப் பிடித்தார். டொக்டர் மேலிருந்து கீழ்வரை படித்தா. திருப்பிப் படித்தா.

"இப்பிடி எழுதச் சொன்னது ஆரு?"

ராத்தா வகுப்புப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினார்.

"எல்லாரும் இப்பிடி எழுதிக்கொண்டு வந்தா எண்ட வேலையில பாதி முடிஞ்ச மாதிரி" என்றா டொக்டர்.

அந்த ஒரு வசனத்தை வீட்டுக்கு வரும் வழியில் ராத்தா நாலு தரம் சொன்னார். இரண்டு தரம் எனக்கு, இரண்டு தரம் ஓட்டோக்காரருக்கு.

ஸ்கேன் அன்று நான் கையில் அறிக்கையோடு வெளியே வந்தேன். கொரிடோரில் கடைசிக் கதிரையில் இருந்த ராத்தா என் முகத்தைப் பார்த்து எழும்பினார். "அதேதான் ராத்தா" என்றேன். "சொல்லு, பேரச் சொல்லு" என்றார். நான் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து, "கிடைச்சிட்டு! பேர் கிடைச்சிட்டு!" என்று சத்தம் போட்டார். அந்தப் பக்கமாக வந்த மிஸ் ஒருவர், எனக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறதென்று நினைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் இருவரும் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். நோய் இருக்கிறதென்று தெரிந்த நாளில் நான் சிரித்தேன் என்று யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஆனால் அன்று எனக்கு இருந்த சந்தோஷம் ஆசிரியை நியமனம் கிடைத்த நாளில்கூட இருந்ததில்லை. நான் சோம்பேறி இல்லை. நான் பலவீனமானவள் இல்லை. என் உடம்புக்குள் ஒன்று நடந்துகொண்டிருந்தது, அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!

எனக்கு எடுக்கவில்லை. கருப்பைக்குள் சிறிய ஹோர்மோன் சாதனம் ஒன்றை வைத்தார்கள், இரும்புச்சத்து தந்தார்கள். முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாக வந்து எரிச்சலூட்டியது. பிறகு குறைந்தது. அடுத்த நோன்பில் விட்டது நாலே நாலு. அதைச் சொல்ல போன் எடுத்தேன். அவர் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தூரமாகப் பிடிக்க வேண்டியிருந்தது.

இப்படி அவர் எத்தனை பேரைக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் என்னைப்போல நன்றி சொன்னவர்களும் இல்லை. ஒரு நாள் நான் ராத்தாவின் தையலறையில் இருக்கும்போது ஒருவர் மோட்டார் சைக்கிளை ஒழுங்கையில் அப்படியே விட்டுவிட்டு வாசலில் வந்து நின்று கத்தினார். அவருடைய மனைவியிடம் ராத்தா ஏதோ கேட்டுவிட்டாராம்.

"நீங்க தையல்காரியா, டொக்டரா?"

"தையல்காரிதான்" என்றார் ராத்தா, மிசினை நிறுத்தாமலே. "உங்கட பொஞ்சாதிக்கு மூணு வருஷமா அளவெடுக்கிறன் தம்பி. கை மெலிஞ்சிக்கொண்டு போகுது, வகுறு மட்டும் ஏறிக்கொண்டு போகுது. புள்ளயும் இல்ல. ஏன் எண்டு நான் கேக்கக் கூடாதா? நீங்க கேட்டீங்களா?"

வந்தவர் முற்றத்துப் பக்கம் திரும்பினார். அங்கே ராத்தாவின் கணவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகும் மனிதர், பேச்சு மிகக் குறைவு.

"நாநா, உங்கட ஆளக் கொஞ்சம் வாயடக்கச் சொல்லுங்க."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பதின்மூணு வருஷம் அவ ஒண்டும் கதைக்கல்ல தம்பி. நானும் ஒண்டும் கேக்கல்ல. இப்ப கதைக்கட்டும்."

அந்த மனைவிக்குக் கருப்பையில் தேங்காய்ப் பருமனில் சதைக்கட்டி இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். எடுத்த பிறகு சுகமானா.

எல்லாமே சரியாக வந்ததென்றும் சொல்லமாட்டேன். ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து, இது அடினோமயோசிஸ்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். பரிசோதித்ததில் அது ரத்தம் உறைவதில் உள்ள குறை என்று தெரிந்தது. ராத்தா இரண்டு நாள் வெட்கத்தில் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், "மகள், நான் பேர் சொல்லியிருக்கக் கூடாது, போ எண்டு மட்டும்தான் சொல்லியிருக்கணும்" என்று மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு யாருக்கும் நோயின் பெயர் சொன்னதில்லை. கேள்வி மட்டும் ஒன்று கூடியது: "பல்லுத் தேய்க்கக்குள்ள ரத்தம் வருமா?"

அவருடைய உற்சாகம் அணைந்ததை ஒரே ஒரு தரம்தான் பார்த்தேன்.

உம்மா மக்காவுக்கு உம்றாப் பயணம் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தா. பயணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன நாளிலிருந்து உம்மாவுக்கு இருந்த ஒரே ஆசை அது. உடுப்புத் தைக்க ராத்தாவிடம் கூட்டிப்போனேன். உம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அளவெடுக்கும்போது ராத்தா வழக்கம்போல எதையோ கேட்க, உம்மா வாயைப் பொத்திச் சிரித்தா.

"எனக்குத்தான் எல்லாம் நிண்டு ஆறேழு வருஷமாச்சே. ஆனா ஒரு புதினம் கேளு மகள். ரெண்டு மாசமா ஒரு சொட்டு, ரெண்டு சொட்டுப் படுது. திரும்பவும் குமராகப் போறன் போல!"

நானும் சிரித்தேன். ராத்தா சிரிக்கவில்லை. நாடாவை மெல்லச் சுருட்டி மேசையில் வைத்தார்.

"எப்ப இருந்து மாமி?"

"அதுதான் சொன்னேனே, ரெண்டு மாசமா."

"நோவு?"

"ஒரு நோவும் இல்ல. அதால நான் கணக்கெடுக்கல்ல."

"மாமி, உடுப்புப் பிறகு தைப்பம். முதல்ல டொக்டருக்கிட்டப் போங்க."

"பயணம் முடிஞ்சு வந்து போறன்."

"இல்ல. இப்ப போகணும். நிண்டுபோன பிறகு ஒரு சொட்டு வந்தாலும் பார்க்கணும். பத்துப் பேருக்குப் பார்த்தா கனபேருக்கு ஒண்டும் இரிக்காது. ஆனா பார்க்காம விடக் கூடாது."

உம்மாவின் முகம் மாறிவிட்டது. "அல்லாஹ்ட வீட்டுக்குப் போற பயணத்தைத் தடுக்கிறதுக்கு நீ ஆரு? தைக்க ஏலாதெண்டா சொல்லு, தைக்க வேற ஆக்கள் இரிக்காங்க."

நான் ராத்தாவின் கையைப் பிடித்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, உம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். அந்தக் குரல் அவரிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"மாமி, அங்க போய் கஃபாவத் தவாப் சுத்தணும்தானே? சுத்தமில்லாம தவாப் கூடாது. இது என்ன ரத்தம் எண்டு உங்களுக்குத் தெரியுமா? மாதவிடாயா, நோயா? நோய் எண்டா தொழலாம், சுத்தலாம். எது எண்டு தெரியாம அங்க போய் நிண்டு என்ன செய்வீங்க? சொல்லுங்க மாமி."

உம்மா முக்காட்டை இழுத்துப் போட்டா. பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்குக் கூட்டிப்போ" என்றா. ராத்தாவைப் பார்க்காமலே வெளியே போய்விட்டா.

கருப்பையின் உள்தோலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் பயண நாள் வந்து போனது. கூட்டாளிகள் எல்லாம் வெள்ளை முக்காட்டோடு வேனில் ஏறிப் போனார்கள். உம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. அந்த நாட்களில் ராத்தாவின் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. ராத்தாவோ தினமும் எனக்குப் போன் எடுத்து, "வந்திட்டா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவார். ஒன்றும் இல்லையென்று முடிவு வந்தால் உம்மா வாழ்நாளுக்கும் அவரை மன்னிக்கப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும்.

"ஒண்டும் இல்லாம வரட்டும் புள்ள" என்றார் ஒரு நாள். "மாமி என்னை ஏசட்டும். சாகும்வரைக்கும் ஏசட்டும்."

ஒன்றும் இல்லாமல் வரவில்லை. கான்சர். ஆனால் ஆரம்பம். கருப்பையைத் தாண்டி எங்கேயும் போகவில்லை என்றார்கள். இந்தக் கட்டத்தில் எடுத்துவிட்டால் பெரும்பாலும் போதும் என்றார்கள். "ஒரு சொட்டுக்கே வந்திட்டீங்க, நல்ல காலம்" என்று டொக்டர் உம்மாவின் தோளைத் தட்டினா. நான் ராத்தாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். மறுபக்கம் முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு பழைய குரல் வெடித்தது: "ஆரம்பம் எண்டுதானே சொன்னாங்க? ஆரம்பம்தானே? அல்ஹம்துலில்லாஹ்! அல்ஹம்துலில்லாஹ் புள்ள! வை, நான் வாறன்!"

ஒப்பரேசன் முடிந்து உம்மா தேறி எழும்பியதும், முதலில் செய்தது எங்கள் ஊர் இனிப்பான வட்டிலப்பம். ஒரு முழுச் சட்டி வட்டிலப்பத்தை என் தலையில் சுமத்தாத குறையாகக் கொடுத்து, ராத்தாவிடம் கொண்டுபோகச் சொன்னா. "இப்ப தைப்பாளா எண்டு கேளு" என்றா. அவவுக்குத் தெரிந்த மன்னிப்புக் கேட்கும் முறை அதுதான். ராத்தா ஒரு கரண்டி வட்டிலப்பத்தை வாயில் போட்டுக்கொண்டே நாடாவைத் தேடினார். சட்டி திறந்தபடி கிடக்க, என்னை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடினார். அடுத்த வருஷம் உம்மா அந்த உடுப்போடு மக்காவுக்குப் போய், தவாப் சுத்தி, சுகமாகத் திரும்பி வந்தா. இன்றைக்கும் இருக்கிறா.

ராத்தா இப்போது எங்கள் ஊரில் இல்லை. மகளுக்குப் புத்தளத்தில் கல்யாணம் முடிந்து, பேரப்பிள்ளைகள் வந்ததும் கணவரோடு அங்கே போய்விட்டார். மிசின் இரண்டையும் கொண்டுபோனார். போன மாதம் அவருடைய ஞாபகம் வந்து, கன நாளைக்குப் பிறகு போன் எடுத்தேன். பஸ் சத்தம் கேட்டது.

"ராத்தா, எப்பிடி இரிக்கீங்க?" என்று தொடங்கினேன்.

"புள்ள, பிறகு எடு, பிறகு எடு" என்றார் மூச்சு வாங்க. "பக்கத்துச் சீட்டில ஒரு சிங்களப் புள்ள, வகுத்தப் பிடிச்சுக்கொண்டு வெள்ளையா வெளிறிப்போய் இரிக்கி. அவக்குத் தமிழ் தெரியா, எனக்குச் சிங்களம் தெரியா. விரலக் காட்டித்தான் கேக்கிறன். இப்பதான் ஒம்பது எண்டு காட்டியிரிக்கா!"

போன் நின்றுவிட்டது. அவர் இறங்கும் இடத்துக்குப் பஸ் எப்போது வந்ததோ தெரியவில்லை. அந்தப் புள்ளையை விட்டுவிட்டு அவர் இறங்கியிருக்கமாட்டார் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.